வெள்ளிக்கிழமை மத்தியானத்து மூன்று கடிதங்கள்

எனக்குச் சந்தேகப் புத்தி. கட்டிய மனிசனே அதைச் சொல்லிச் சிரிப்பார். நான் வேலை பார்த்த கொழும்பு மாநகரசபைக் கந்தோரில் அந்தப் புத்திக்குச் சம்பளமும் கொடுத்தார்கள். கொள்வனவுப் பகுதியில் இருபது வருசம் இருந்தேன். ஒரு பொருளை டெண்டர் இல்லாமல் வாங்கலாமா, கூடாதா என்று ஃபைலில் முதலில் எழுதுவது நான்தான்.

விதி என்னவோ நேரானதுதான். பெரிய சாமான் என்றால் பத்திரிகையில் அறிவித்து, எல்லாக் கடைக்காரரிடமும் விலை கேட்க வேண்டும். உயிருக்கு ஆபத்து, அவசரம் என்றால் மட்டும் டெண்டரை விட்டுவிட்டு மூன்று கடைகளின் விலைக்கடிதத்தோடு வாங்கலாம். சண்டைக் காலத்தில் இந்த 'அவசரம்' என்ற சொல்லுக்கு ஓய்வே இருக்கவில்லை. கதிரை வாங்கவும் அவசரம், கதவுக்குச் சாயம் பூசவும் அவசரம். அந்தச் சொல்லைக் கண்டாலே எனக்கு மூக்கு வியர்த்துவிடும்.

பயமும் இருந்தது, மறைப்பானேன். நாளைக்குக் கணக்காய்வு, விசாரணை என்று வந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவார்கள்? வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வரும் யாழ்ப்பாணத்துப் பொம்பிளையைத்தான். காசு எங்கே போனது என்று என்னைக் கேட்கிற கேள்வி, மற்றவர்களைக் கேட்கிற கேள்வியைப் போல இருக்காது. வேலை மட்டும் போனால் அது பெரிய அதிர்ஷ்டம்.

அந்த வருசம் கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூட ஒழுங்கையில் கழிவுநீர்க் கான் மூடிகள் இல்லாமல் போயின. பெரிய அரசியல் புள்ளி ஒருவர் அந்தப் பக்கம் வருகிறார் என்று குண்டு தேடிய ஆமிக்காரர் மூடிகளைக் கிளப்பிப் பார்த்தார்கள். சில உடைந்தன. இரும்பு மூடிகளை யாரோ பழைய இரும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒழுங்கை நீளத்துக்கு எட்டுக் குழி. சனங்கள் ஒவ்வொரு குழியிலும் ஒரு மரக்கொப்பைக் குத்தி வைத்திருந்தார்கள்.

எஞ்சினியர் ஃபைலில் 'அவசரம்' என்று எழுதி அனுப்பினார். கூடவே மூன்று விலைக்கடிதங்கள். ஒன்று கொச்சிக்கடை இரும்புக்கடை முதலாளியுடையது. மற்ற இரண்டும் ஒருகொடவத்தை இரும்பு யார்டுக்காரர் இரண்டு பேருடையவை. மூன்று பேரும் முஸ்லிம் ஆட்கள். கொச்சிக்கடைக்காரரின் விலைதான் குறைவு. கடிதங்களை வாங்கி வந்தவர் எங்கள் பியோன். மட்டக்குளியில் குடியிருந்த மன்னார்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர்.

வெளியே போகிறவர்கள் எழுதும் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கடிதம் வாங்க வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் போயிருக்கிறார், ஒன்றரைக்குத் திரும்பியிருக்கிறார். ஆகா, பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் கொழும்பில் எந்த முஸ்லிம் கடை திறந்திருக்கும்? எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருப்பார்கள். பூட்டிய கதவு மூன்று கடிதம் எழுதிக் கொடுத்ததா?

அவ்வளவுதான். எஞ்சினியர், முதலாளி, பியோன் மூவரும் கூட்டு என்று முடிவு கட்டினேன். ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால் உசாராகிவிடுவார்களே! 'இவை போட்டி விலைகள் அல்ல. பகிரங்க டெண்டர் கோரவும்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். எஞ்சினியர் என் மேசைக்கே வந்தார். டெண்டர் முடியும்வரை மழை காத்திருக்காது மிஸ் என்று சிங்களத்தில் சொன்னார். குரல் கெஞ்சலாகத்தான் இருந்தது. கெஞ்சுகிறவனுக்குப் பங்கு இருக்கும் என்று அதையும் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டேன்.

டெண்டர் முடிய மூன்று கிழமை, இருபத்தொரு நாள். இரண்டாவது கிழமை மழை பிடித்தது. ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர், குத்தி வைத்த கொப்புகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. டெண்டர் அறிவித்தலை வட்டாரப் பலகைகளிலும் ஒட்டவேண்டும், கொட்டாஞ்சேனைப் பலகை மட்டும் மிச்சம் இருந்தது. அந்தக் காகிதத்தையும் பசை வாளியையும் கொடுத்துப் பியோனை அனுப்பியது நான். காலை பத்து மணிக்கு, பள்ளிக்கூட வாசலுக்கு முன்னால், தண்ணீருக்குள் தெரியாத குழியில் அவர் கால் போனது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

டெண்டர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரேயொரு கடிதம் கிடந்தது. அதே கொச்சிக்கடை முதலாளி, அதே விலை. இந்தமுறை பேசாமல் கையெழுத்து வைத்தேன்.

அன்று பின்னேரமே செவ்விளநீரும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனேன். பியோனின் காலைக் கட்டித் தூக்கி வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதும் பாருங்கள், இந்தப் பாழாய்ப்போன புத்தி கேட்காமல் விடவில்லை.

"அண்டைக்கு வெள்ளிக்கிழமை எங்க போனனீங்கள் அண்ணை?"

"கொச்சிக்கடைக் கோயில்ல இருந்தனான் மிஸ்."

பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய ஐடென்டிகார்டில் மன்னார் என்று இருந்தது. ஒருகொடவத்தைப் பக்கத்துச் செக்பொயின்றில் முன்னர் ஒருமுறை புலி என்று சந்தேகித்துப் பிடித்து மூன்று நாள் வைத்திருந்தார்களாம். அதன் பிறகு அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. வெள்ளி காலை வேலைக்கு வரும் வழியில் கொச்சிக்கடை முதலாளியிடம் விசயத்தைச் சொல்லியிருக்கிறார். ஒருகொடவத்தை யார்டுகள் இரண்டும் முதலாளியின் மச்சான்மாருடையவை. அவர்களுக்குப் போன் எடுத்து விலை கேட்டு, தன்னிடம் இருந்த அவர்களுடைய காகிதத்திலேயே முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். எஞ்சினியருக்கு இது ஒன்றும் தெரியாது. மத்தியானம் யார்டுகளுக்குப் போய் வந்ததாகக் காட்டத்தான் கோயிலில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

மச்சான்மாரின் விலை உண்மையான போட்டி விலையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சந்தேகம் இருக்கிறது. ஆனால் குழி எட்டும் உண்மை. அதை நான் போய்ப் பார்த்ததே இல்லை.

"என்னட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாமே மிஸ்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது வழமைபோல செக்பொயின்றில் பஸ்ஸை நிறுத்தித் தமிழ் ஆட்களை மட்டும் இறக்கினார்கள். ஒரு பெண் பொலிஸ் என் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கே போய் வருகிறாய், ஏன் போனாய் என்று கேட்டாள். மற்ற நாட்களில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவள் கேட்கவாவது செய்தாள்.