விடுப்புக் கடிதங்களின் விமர்சகர்

மைசூரில் ஒரு பட்டு நூல் ஆலையின் அலுவலகத்தில் விடுப்புப் பிரிவு குமாஸ்தாவாக இருந்தவர் கணபதிராமன். 1957 முதல் 1974 வரை அவர் படித்த விடுப்புக் கடிதங்கள் 6,212. கதைப் பிரியனுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் கிடையாது என்பது அவர் கருத்து. தொடர்கதைகளைப் பென்சிலும் கையுமாகப் படித்த பழக்கத்தில், கடிதத்தின் ஓரத்திலும் அணியின் பெயரை எழுதிவிடுவார். 'வயிற்றில் எரிமலை' என்றால் உருவகம், அரை நாள். எழுதியவனின் துக்கம் தாளாமல் நஞ்சன்கூடு பாலத்தில் பஸ்ஸே நின்றுவிட்டது என்றால் தற்குறிப்பேற்றம். பஸ் நின்றதை மட்டும் ஏற்றுக்கொள்வார். ஓர் ஆளின் பெரியப்பா ஒரே ஆண்டில் மூன்று முறை காலமானார். மூன்றாவது சாவுக்கு முந்தின வாரக் கடிதத்திலேயே அந்த ஆள் பெரியப்பாவை லேசாக இரும வைத்திருந்தான். அந்த முன்குறிப்புக்காகவே இரண்டு நாள் கிடைத்தது.

கடைசியில் 'நம்பலாம்' அல்லது 'நம்ப முடியாது' என்று எழுதுவார். அதைப் பார்த்துத்தான் மானேஜர் கையெழுத்துப் போடுவார்.

1974 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, பகல் ஒன்று பத்துக்கு மனைவி அன்னபூர்ணி தந்தியோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கொள்ளேகாலில் அவளுடைய அப்பா முருங்கை மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது. அவருக்கு வயது எழுபத்தொன்று.

"மூணு மணிக்கு பஸ். என் தங்கை கல்யாணத்துக்கு வரலை, போகட்டும். இன்னிக்கும் வரலேன்னா அப்புறம் எங்காத்து வாசப்படியை நீங்க மிதிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

கணபதிராமன் நடந்ததை நடந்தபடி நான்கு வரியில் எழுதினார். தன் கடிதத்துக்குத் தானே குறிப்பு எழுத விதியில்லை. உதவியாளர் சாம்புதான் எழுத வேண்டும். சாம்பு சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டார்.

"சார், எழுபத்தொரு வயசுல முருங்கையில யாராவது ஏறுவாளா? காய் பறிக்கற அலக்கு எதுக்கு இருக்கு?"

"அலக்கு போன வாரம் உடைஞ்சு போச்சுடா."

"அதை முன்னாடியே சொல்லியிருக்கணுமே. திடீர்னு வந்து விழற சம்பவம் எடுபடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தேள்."

"இது கதை இல்லைடா. தந்தியைப் பாரு."

"தந்தியை யார் வேணா குடுக்கலாம் சார். போன மார்ச்ல மட்டும் ஏழு தந்தியைத் தள்ளியிருக்கேள்."

சாம்பு இதைக் குறும்புக்குச் செய்யவில்லை. அத்தனையும் குருபக்தி. 'நம்ப முடியாது' என்று எழுதிக் கொடுத்தபோது மணி இரண்டு ஐந்து.

நூல் முறுக்கும் மெஷினில் வேலை பார்த்த அனூர்க்காரன் நஞ்சுண்டசாமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான். ஏப்ரலில் அவன் தங்கையின் கல்யாண ஊர்வலத்தில் குதிரை மாப்பிள்ளையோடு ஓடிவிட்டது. தேடுவதற்கு ஒரு நாள் கூடுதலாகக் கேட்டு எழுதியிருந்தான். 'உயர்வு நவிற்சி' என்று எழுதி அந்த நாளை வெட்டியவர் கணபதிராமன். அன்றிலிருந்து ஆலையில் அவன் பெயரே குதிரை.

"நான் சொல்றேன், எழுதுங்க சார். ஞாயித்துக்கிழமையே மாமனாருக்கு லேசா தலைசுத்தல். திங்கக்கிழமை கஞ்சி வேண்டாம்னுட்டாருங்க. இன்னிக்குக் கொல்லையில வழுக்கி உழுந்துட்டாரு."

"இதுல ஒண்ணுகூட நிஜமில்லையேப்பா."

"கால் ஒடிஞ்சது நெசந்தானுங்களே."

கணபதிராமன் வெளியே பெஞ்சைப் பார்த்தார், எழுதினார். 'கஞ்சி' என்ற இடத்தில் கை தானாகவே 'ஆறிப்போன கஞ்சி' என்று திருத்தியது.

"கஞ்சி பிரமாதம் சார்" என்று சாம்பு 'நம்பலாம்' போட்டார். இரண்டு இருபத்தைந்துக்கு மானேஜரும் கையெழுத்திட்டார்.

"உனக்கு நான் என்னப்பா செய்யணும்?"

"ஒண்ணும் வேண்டாமுங்க. அந்தக் குதிரைய மட்டும் நம்பிருங்க."

கொள்ளேகால் ஆஸ்பத்திரியில் மாமனார் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "கொல்லையில வழுக்கிடுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் போனதும் மருமகனைக் கிட்டே கூப்பிட்டார்.

"மரம்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான், மாப்பிள்ளை. சிரிக்கறான்."

அன்னபூர்ணியும் சிரித்துவிட்டாள். பிளாஸ்கிலிருந்து ஊற்றிய முதல் டம்ளர் காபி அப்பாவுக்குப் போகவில்லை; கணபதிராமனுக்கு வந்தது.

ஜூன் 17, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியதும் அவர் கடிதங்களை ஒட்டிவைக்கும் பதிவேட்டில் ஏப்ரல் பக்கத்தைத் திறந்து 'உயர்வு நவிற்சி'யை அடித்தார். 'குதிரை ஓடியது. நம்பலாம்' என்று எழுதித் தேதி போட்டார். பிறகு ஜூன் 11-க்கு வந்து, தன் கடிதத்துக்கு எதிரே எழுதினார்: 'கஞ்சி நன்று. நம்ப முடியாது.'