மாலையில் திறக்கும் மண்டபம்

இரண்டு வருடங்களுக்கு முன், மழைக்காலம் தொடங்கியிருந்த நேரம். அப்போது நான் சுபாங் ஜெயாவில் ஒரு நகரத் திட்ட ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஜெஞ்சாரோமைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன டவுனைப் பற்றி அறிக்கை தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இரண்டு வரிசைக் கடைகள், பாசார் என்கிற சின்னச் சந்தை, ஒரு கிளினிக், ஒரு பள்ளிக்கூடம். முழு டவுனையும் பத்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். அங்கே என்னென்ன வசதிகள் இருக்கின்றன, எது பயன்படுகிறது, எந்த இடத்தை வேறு வேலைக்கு எடுக்கலாம் என்று கட்டம் கட்டமாக இருக்கும் பாரம் ஒன்றை நிரப்ப வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. என் பாரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே பாலாய் ராயா, அதாவது ஊர்ப் பொது மண்டபம் ஒன்று இருந்தது. தகரக் கூரை, வெளுத்துப்போன சுவர், கதவில் பெரிய பூட்டு. மூன்று முறை போனேன், மூன்று முறையும் காலை பதினொரு மணி வாக்கில். மூன்று முறையும் பூட்டைத்தான் பார்த்தேன், போட்டோ எடுத்துக்கொண்டேன். யாரையும் எதுவும் கேட்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது, காருக்குள் ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. 'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதினேன். இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்டலாம் என்று பரிந்துரையும் சேர்த்தேன். முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

திட்டத்தின் நகலை ஒரு மாதம் பொதுமக்கள் பார்வைக்கு ஒட்டி வைத்தோம். மறுப்பு இருந்தால் எழுதிப் போட, மூலைக் கோப்பிக்கடையில் ஒரு பெட்டியும் வைத்தோம். கெடு முடிந்த அன்று, சாயந்திரம் ஐந்து மணிக்குப் பெட்டியை எடுக்கப் போனேன். திறந்து பார்த்தால் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. வேலை சுலபமாக முடிந்தது என்று மனதுக்குள் எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

மழை கொட்ட ஆரம்பித்தது. அவசரமாகக் காரைப் பின்னால் எடுத்தேன். டமார். பின்சக்கரம் லோங்காங்குக்குள் இறங்கிவிட்டது. சாலையோரச் சாக்கடைதான், ஆனால் அந்த மழையில் அது ஆறு மாதிரி ஓடியது. கார் சாய்ந்து நின்றது, கதவைத் திறக்கவே பயமாக இருந்தது. விழுந்த இடம் எது தெரியுமா? அந்த மண்டபத்துக்கு நேர் எதிரே. மண்டபம் திறந்திருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது.

நான் ஹாரன் அடிப்பதற்குள் ஏழெட்டுப் பேர் ஓடி வந்துவிட்டார்கள். மட்டை பிடித்த கையோடு இரண்டு மலாய் இளைஞர்கள், காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு சீனர், குடையோடு ஒரு தமிழ்ப் பெண். அவருக்கும் என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்தைத் தொட்டிருப்பார். மழை விட்டதும் தன் பிக்கப்பில் கயிறு கட்டி இழுத்துவிடுவதாகச் சொன்னார் சீனர். அந்தப் பெண் என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் துண்டு கொடுத்தார், சூடாக டீ கொடுத்தார். பள்ளிக்கூடக் கண்டினில் சமைக்கிறாராம். மண்டபத்துச் சாவி அவரிடம்தானாம். வேலை முடிந்து நாலு மணிக்கு வந்து திறப்பாராம்.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். நடுவில் பூப்பந்து ஆட்டம். ஒரு மூலையில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். இன்னொரு மூலையில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஒரு மலாய்க் குடும்பத்தின் வீட்டில் விருந்தாம். நாலைந்து பெண்கள், எல்லா இனமும் கலந்து, தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள். டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

அப்போது ஆட்டம் சட்டென்று நின்றது. சுவரோரமாக ஒருவர் நான்கு கால் ஊன்றுகோலோடு வந்துகொண்டிருந்தார். வலது காலை இழுத்து இழுத்துத்தான் வைக்க முடிந்தது. ஆடுகளத்தைக் குறுக்கே கடந்து அந்தப் பக்கச் சுவருக்குப் போனார். அதுவரை நாலு ஆட்டக்காரர்களும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை, பாவம் என்றும் பார்க்கவில்லை. அவர் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடர்ந்தது. சற்று நேரத்தில் மறுபடி வந்தார், மறுபடி நிறுத்தினார்கள்.

அவர் அந்தக் கண்டின் அக்காவின் கணவர். லோரி ஓட்டியவர், அதற்கு முந்தைய வருடம் ஸ்ட்ரோக் வந்துவிட்டது. பயிற்சிக்குக் கிள்ளான் வரை வாரம் ஒரு தடவைதான் போக முடிகிறது. வீடு கடைக்கு மேல்மாடி, உள்ளே நாலு எட்டு வைத்தால் சுவர் இடிக்கும். வெளியே சாலையெல்லாம் மேடு பள்ளம். சமதரையாக நீளமாக நடக்க இந்த மண்டபத்தை விட்டால் வேறு இடமில்லை. முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் போனாராம், இப்போது தினமும் ஆறு சுற்று.

அவருடைய ஆறு சுற்றுக்கு மேல்தான் நான் கார் நிறுத்துமிடம் போட்டிருந்தேன். மறைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

"அக்கா, இந்த மண்டபத்தை இடிக்கலாம்னு எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியும் மேடம். மூணு தடவ ஃபைலும் கையுமா வந்து போட்டோ எடுத்தீங்கல்ல? கண்டின்லேர்ந்து பாத்துக்கிட்டுதானே இருந்தேன். சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. கேட்டிருந்தா தொறந்து காட்டியிருப்பேன்லா."

குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்படியானால் பெட்டியில் ஏன் ஒருவரும் மறுப்பு எழுதிப் போடவில்லை என்று கேட்டேன்.

கணவர் நடப்பதையே பார்த்துக்கொண்டு அக்கா சொன்னார். "பேசிக்கிட்டோம். இடிக்கறதுக்கு முன்னாடி யாராச்சும் ஒருத்தர் சாயந்திரத்துல வந்து பாக்காமயா போயிடுவாங்கன்னு நெனச்சோம். டீயக் குடிங்க, ஆறுது."

காரை இழுத்துவிட்டார்கள். காசு கொடுக்கப் போனபோது அந்தச் சீனர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் முதலாளியிடம் போய், நான் எழுதியது தப்பு என்றேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். பூட்டின போட்டோ மூன்று இருக்கிறதே என்றார். அன்று சாயந்திரமே அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அந்த மண்டபத்தில் உட்காரவைத்தேன். ஆட்டம் இரண்டாம் முறை நின்றபோது அவர் என்னிடமிருந்து ஃபைலைக் கேட்டு வாங்கினார். திட்டத்திலிருந்து அந்தப் பரிந்துரை நீங்கியது. கார் நிறுத்துமிடம் பாசாருக்குப் பின்னால் போனது. மண்டபம் இன்றும் நிற்கிறது. போன மாதம் போனபோது அந்த அண்ணன் ஊன்றுகோல் இல்லாமல் இரண்டு சுற்று நடந்து காட்டினார்.

இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் விடியற்காலையிலும் சாயந்திரமும் ஒருமுறை பார்க்காமல், அங்கிருக்கிறவர்களிடம் கேட்காமல் பாரத்தில் பேனாவை வைப்பதில்லை. அந்த டவுன்காரர்கள் நம்பியபடியே ஒருத்தி சாயந்திரத்தில் வந்து பார்த்தாள்தான்; ஆனால் அவள் பார்ப்பதற்காக வரவில்லை, கார் சாக்கடையில் இறங்கியதால்தான் நின்றாள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கூசுகிறது.