ஒற்றைக் கை மத்து

யுத்தம் முடிந்த மறு வருஷம், அரியலூர் ரயில் நிலையத்து பெஞ்சில் என் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒட்டிய கன்னம், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. கையில் ஒரு மத்து. அதற்குக் கயிறு கிடையாது. முறுக்கிய இரும்புக் கம்பியும் அதில் ஏறி இறங்கும் மரக்குமிழும்தான். குமிழைக் கீழே அழுத்தினால் மத்து தானே சுழன்றது. வெறும் காற்றை அவர் கடைந்துகொண்டே இருந்தார்.

“தயிர் கடைய ஒரு கை போதுங்க. பேடண்ட் வாங்கியிருக்கேன்” என்றார்.

“யாருக்காகச் செஞ்சீங்க?”

“எம் பொஞ்சாதிக்குங்க. வாதத்துல வலது கை விழுந்துபோச்சு.”

“இப்ப இதுலதான் கடையறாங்களா?”

“பேடண்ட் வர்ற வரைக்கும் யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு வக்கீல் சொன்னாருங்க. அவகிட்டகூட காட்டாம பரண்ல வெச்சிருந்தேன். பேடண்ட் வர்றதுக்குள்ள அவ போயிட்டா.”

ரயில் வரும் நேரத்தைச் சொல்கிற குரலில் சொன்னார். பிறகு மத்தை என்னிடம் நீட்டினார். வாங்கி அழுத்தினேன்.

“அப்படி இல்லைங்க. வலது கையை மடியில போட்டுட்டு, இடது கையால அழுத்துங்க.”

அழுத்தினேன். நன்றாகத்தான் சுழன்றது. அவர் மத்தைப் பார்க்கவில்லை. என் மடியில் கிடந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் வந்து நின்ற பிறகும் அந்தக் கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.