லிப்னிக் வீட்டில் எடுத்த ரத்தம்

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. நம்பாதவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் இது நடந்தது. ஸும்ராவுக்கு நடந்தது. அலுவலகத்தில் பல வருடங்களாக என் பக்கத்து மேசைக்காரி அவள். பொய் சொல்ல வராது. சொன்னால் காது மடல் சிவந்துவிடும்.

எங்கள் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போஸ்னியாவில் போர் முடிந்து பதினாறு வருடம் ஆகியிருந்த நேரம் அது. போரின்போது எங்கள் கிராமங்களில் ஆட்களை வீடு வீடாகக் கூட்டிப்போய்க் கொன்று, குழியில் தள்ளினார்கள். பிறகு யாராவது தோண்டிப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து, இயந்திரத்தால் அள்ளி வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். அதனால் ஒரே மனிதனின் கால் ஓர் ஊரிலும் தோள் இன்னோர் ஊரிலும் கிடைக்கும். அந்த எலும்புக்குப் பெயர் வைக்க, உயிரோடு இருக்கும் ரத்த சொந்தம் ஒன்று வேண்டும். விரலில் ஊசியால் குத்தி, நான்கு வட்டம் அச்சிட்ட அட்டையில் சொட்டு வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். பொருந்தினால் பெயர். பெயர் கிடைத்தால் கல்லறை. கொன்றவன் மேல் வழக்கு நிற்பதற்கும் அந்தப் பெயர்தான் வேண்டும். இல்லாவிட்டால் அவன் வக்கீல், செத்தது யார் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவான்.

ஸும்ரா குத்திய விரல்களுக்குக் கணக்கே கிடையாது. ஆரம்பத்தில் ரத்தம் கொடுக்க வந்தவர்களோடு சேர்ந்து அழுதாள். பிறகு அழுகை நின்றது. அதற்கும் பிறகு, உள்ளே ஒன்றுமே வரவில்லை. தையல்காரிக்கு விரல் நுனி மரத்துப்போவது மாதிரி எனக்கு எல்லாம் மரத்துப்போச்சு என்று அவளே சொல்வாள்.

எங்களிடம் மாதம் தவறாமல் வருபவர் ரெமஸா. அவர் கணவர் நெஜிப்பைப் போரின் முதல் கோடையில் கூட்டிப்போனார்கள். பிள்ளைகள் இல்லை. மாமனார், மாமியார், நாத்தனார் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மனைவியின் ரத்தம் இந்த வேலைக்கு உதவாது என்று ஸும்ரா அவருக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ரெமஸா புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொள்வார்.

"பதினேழு வருஷம் அவர்கூட வாழ்ந்தேன். என் ரத்தத்துல அவர் துளிகூட ஒட்டலையா?" என்பார்.

அவருக்கு இதய நோய் வேறு. நான் போறதுக்குள்ள அவரை மண்ணுல வெச்சிடணும் என்பதுதான் பேச்செல்லாம். மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை நெஜிப்பின் தம்பி இஸ்மெத். போருக்கு முன்பே ஸ்வீடனுக்குப் போனவர். கடிதங்களுக்குப் பதில் இல்லை.

நவம்பரில் ஒரு காலை ரெமஸா படியேறி மூச்சு வாங்க வந்தார். லிப்னிக் கிராமம் வழியாகப் போகும் பஸ்காரர், அவர்களுடைய பழைய குடும்ப வீட்டு வாசலில் ஓர் ஆள் நிற்பதை இரண்டு மூன்று தடவை பார்த்தாராம். இஸ்மெத் திரும்பி வந்திருக்கிறார், வேறு யார் அந்த வீட்டுக்கு வரப்போகிறார்கள், உடனே போய் ரத்தம் எடு என்று ஸும்ராவின் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்களும் வாங்களேன் அக்கா என்று அவள் கூப்பிட்டாள். ரெமஸா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நெஜிப்பைக் கூட்டிப்போகக் கதவைத் தட்டியவன் லிப்னிக் சாலையில்தான் இன்னும் குடியிருக்கிறான்.

"அவன் என்னைப் பார்த்தா வணக்கம் சொல்லுவான் மா. அதைத்தான் என்னால தாங்க முடியாது."

ஸும்ரா தனியாகப் போனாள். அன்று மூடுபனி. லிப்னிக்குக்கு முன்னால் சாலையோரத் தோட்டத்தில் ஒருவர் ஏணி மேல் நின்று பிளம் மரக் கிளைகளை அறுத்துக்கொண்டிருந்தார். ஸும்ரா காரை நிறுத்தி, வீட்டின் அடையாளம் சொல்லி வழி கேட்டாள்.

"அங்க யாரும் இல்லையே மா," என்றார்.

ஓர் ஆள் இருப்பதாகச் சொன்னார்கள் என்றாள் அவள். அந்த மனிதர் மெதுவாக இறங்கினார். வீட்டுக்குள் போனார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. ரம்பம் கிளையிலேயே மாட்டிக்கொண்டு ஆடியது.

ஸும்ராவுக்குப் பழகிப்போன மரியாதைதான் இது. காரைக் கிளப்பினாள்.

வீட்டை அடைந்தபோது மூன்று மணி நாற்பது. சுவரும் கூரையும் நன்றாகவே இருந்தன. ஆனால் நவம்பர் மாதத்தில் புகைபோக்கியில் புகை இல்லை.

தட்டக் கையைத் தூக்கினாள். கதவு திறந்தது.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள். இஸ்மெத் ஐம்பதைத் தாண்டியவராக இருக்க வேண்டும். சிலருக்கு வயது தெரியாது என்று நினைத்துக்கொண்டாள். அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். காரை விட்டு இறங்கினாலே பல் கிட்டிக்கும் குளிர் அன்று.

"இஸ்மெத்தா?" என்று கேட்டாள்.

அவர் ஒதுங்கி வழி விட்டார்.

உள்ளே மேசை, இரண்டு நாற்காலி. அடுப்பு அணைந்து கிடந்தது. உட்காரச் சொன்னார். அவரும் உட்கார்ந்தார். அவ்வளவுதான்...

காபி போட எழுந்திருக்கவில்லை.

எங்கள் ஊரில் இது நடக்காது. சாவு வீட்டில்கூட வந்தவர் உட்காருவதற்குள் செம்புக் கிண்டி அடுப்பில் ஏறிவிடும். எதிரி வந்தாலும் காபி கொடுத்துவிட்டுத்தான் சண்டை. ஸும்ராவுக்கு அவருக்காக வெட்கமாக இருந்தது. பேசிக்கொண்டே படிவத்தைத் தானே நிரப்பினாள். பெயர், இஸ்மெத். காணாமல் போனவருக்கு உறவு, தம்பி. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் திருத்தவில்லை.

அவள் மூச்சு புகையாக வந்தது.

அவருடையது வரவில்லை.

கையை நீட்டினார். நகத்துக்கு அடியில் மண். தோட்ட வேலை போல. விரல் கல் மாதிரி சில்லென்று இருந்தது. தேய்த்துவிட்டாள். சூடேறவில்லை.

குத்தினாள். டிக்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி. டிக்.

அமுக்கினாள்... பிதுக்கினாள்...

வந்தது. கருப்பாக. மெதுவாக. நான்கு வட்டமும் நிறைய வெகு நேரம் ஆனது. பஞ்சைக் கொடுத்தாள். அழுத்திப் பிடித்துக்கொண்டார். எடுத்தபோது பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

அப்போதுதான் அவர் பேசினார்.

"கோடைக்குள்ள ஆயிடுமா?"

கோடையில்தான் எங்கள் பக்கத்தில், பெயர் கிடைத்தவர்களை எல்லாம் ஒரே நாளில் அடக்கம் செய்வார்கள்.

"ஆயிடும்," என்றாள் ஸும்ரா.

"சரி."

அவ்வளவுதான். காரில் ஏறினாள். பயம் இல்லை. ஒன்றுமே இல்லை. முதல் வளைவில் காரை நிறுத்தினாள். ஹீட்டரை முழுக்கத் திருப்பி, கைகளை அதன் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வண்டி சூடானது. அவள் கைகள் ஆகவில்லை.

ஜனவரியில் ஆய்வுக்கூடத்திலிருந்து ஸ்லாவென் கூப்பிட்டார். நாங்கள் அனுப்பும் அட்டைகளை எலும்போடு ஒப்பிடுபவர் அவர். அவர் கத்தியது என் மேசை வரை கேட்டது. அவரும் அவளும் பேசியதை அப்படியே சொல்கிறேன்.

"தம்பின்னு எழுதி அனுப்பியிருக்க. இது தம்பி இல்ல."

"சொந்தமே இல்லையா?"

"ஸும்ரா, அஞ்சு வருஷமா எங்க அலமாரியில ஒரு எலும்பு பேர் இல்லாம இருக்கு. அந்த எலும்பும் நீ அனுப்பின ரத்தமும் ஒரே ஆள்."

இரட்டைப் பிள்ளைகளாக இருக்கும் என்றாள். அண்ணன் தம்பிக்கு நான்கு வயது வித்தியாசம் என்று அவள் எழுதிய படிவத்திலேயே இருந்தது. அப்படியானால் கை மாறிவிட்டது, எலும்புத் தூள் அட்டையில் பட்டுவிட்டது, மறுபடி சோதியுங்கள் என்றாள். மூன்று முறை சோதித்தாகிவிட்டது என்றார் ஸ்லாவென். இந்த முடிவில் கையெழுத்துப் போட முடியாது, செத்தவன் தன் ரத்தத்தைத் தானே கொடுத்தான் என்று எந்த நீதிமன்றத்தில் போய்ச் சொல்வது என்று போனை வைத்துவிட்டார்.

அன்று மாலையே ஸும்ரா ரெமஸாவின் வீட்டுக்குப் போனாள். ரெமஸா காபி ஊற்றி வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். எழுந்து போய் ஒரு புகைப்படம் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அண்ணனும் தம்பியும் தோளில் கை போட்டு நின்ற படம். ஸும்ரா ஒருவரைத் தொட்டுக் காட்டினாள்.

ரெமஸா குனிந்து, நெஜிப்பின் முகத்தின் மேல் இருந்த அந்த விரலைப் பார்த்தார்.

"என்ன சட்டை போட்டிருந்தாரு?"

"அரைக்கை. சாம்பல் கலர்."

"நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கோட்டு போட்டுக்கோங்கன்னு சொன்னேன். வெயிலா இருக்கே, சாயங்காலம் வந்துடுவேன்னாரு." சற்று நிறுத்தினார். "காபி கொடுத்தாரா உனக்கு?"

"இல்லக்கா."

"எங்கேர்ந்து கொடுப்பாரு... வீட்டுல ஒண்ணும் இல்லையே." பிறகு கேட்டார். "என்னைப் பத்தி ஏதாவது விசாரிச்சாரா?"

"விசாரிச்சாரு," என்றாள் ஸும்ரா.

காது மடல் நெருப்பாகச் சுட்டது என்று பிறகு என்னிடம் சொன்னாள். ரெமஸா அதைப் பார்த்தாரா என்று தெரியாது. சர்க்கரைக் கட்டியைக் காபியில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

மார்ச்சில் ஸ்வீடனிலிருந்து தூதரகம் மூலம் பதில் வந்தது. இஸ்மெத் இறந்து எட்டு வருடம் ஆகிறது. வயிற்றில் கட்டி. ஆனால் மருத்துவமனை அந்தக் கட்டியின் துணுக்கைப் பத்திரமாக வைத்திருந்தது. அதை அனுப்பினார்கள். ஸ்லாவென் ஒப்பிட்டார். அலமாரியில் இருந்த எலும்பு இஸ்மெத்தின் அண்ணனுடையது. இந்த முறை கையெழுத்துப் போட்டார். வழக்குக்கும் ஒரு பெயர் கிடைத்தது. நெஜிப் வீட்டுக் கதவைத் தட்டியவன் அந்தப் பிளம் தோட்டக்காரர்தான்; அவரை விசாரணைக்கு அழைத்தார்கள்.

ஜூலையில் அடக்கம். பச்சைத் துணி போர்த்திய பெட்டியை ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டுபோனார்கள். உள்ளே இருந்தது கொஞ்சம்தான். பெட்டி காற்றில் போவது போலப் போனது. பெண்கள் மேட்டில் நின்றார்கள். ரெமஸா அழவில்லை. முடிஞ்சுதா என்று மட்டும் கேட்டார். முடிந்தது என்றாள் ஸும்ரா. அன்றிரவு ரெமஸா மாத்திரை இல்லாமல் தூங்கினாராம்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அடக்கம் முடிந்து, நிழலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஸ்லாவென் எங்கள் பக்கம் வந்தார். அந்தக் குளிர்காலத்தில் அப்படி வந்தது ஸும்ராவின் அட்டை மட்டும் இல்லை என்றார். மொத்தம் நான்கு. நான்கு வெவ்வேறு ஊர், நான்கு வெவ்வேறு பணியாளர். எல்லாமே, ரத்தம் கொடுக்க ஒருவர்கூட மிஞ்சாத குடும்பங்கள். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அவற்றின் மேல் பிழை என்று எழுதி வைத்துவிட்டாராம்.

அதில் ஓர் அட்டை நான் எடுத்தது.

எனக்கு அந்த அம்மாளை நன்றாக நினைவிருக்கிறது. போன வருடம் அக்டோபர். பள்ளிக்கூடக் கூடத்தில் மேசை போட்டிருந்தோம். வரிசையில் கடைசியாக வந்தாள். ஒரு மாதமாக மழை இல்லை. ஆனால் அவள் பாவாடை ஓரம் முழுக்க ஈரச் சேறு. விரலை அவளே நீட்டினாள். யாருக்காகக் கொடுக்கிறீர்கள் என்று வழக்கம்போலக் கேட்டேன். மகனுக்காக என்றாள்.

அவள் ரத்தத்தோடு பொருந்தியது ஒரு பெண்ணின் இடுப்பெலும்பு. ஏழு வருடமாக அலமாரியில் இருக்கிறது.

மகன் இன்னும் எந்தக் குழியிலும் கிடைக்கவில்லை.

தன் பெயருக்காக அவள் வரவில்லை... தான் செத்தது அவளுக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம். அவள் மகனைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

பிழை அட்டைகளை அழித்துவிடும்படி உத்தரவு வந்தது. அவளுடையதை மட்டும் ஸ்லாவென் அழிக்கவில்லை. புதுக் குழி திறக்கும்போதெல்லாம் யாருக்கும் சொல்லாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறார். இதுவரை ஒன்றும் பொருந்தவில்லை.

அன்று ரத்தம் கொடுத்துவிட்டுப் போகும்போது அவள் சொன்னாள், "அடுத்த வருஷம் இதே நேரம் வந்து கேக்கறேன்."

மறுபடி அக்டோபர் வந்துவிட்டது. நாளையிலிருந்து பள்ளிக்கூடத்தில் மறுபடி மேசை போடுகிறோம். அவளிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.