பத்து நாள் கிடந்த தண்ணீர்

ஓணம் விடுமுறை முடிந்த மூன்றாம் வாரம், எங்கள் லேபில் சாகக்கூடாத செல்கள் செத்தன.

நான் அங்கே செல் கல்ச்சர் டெக்னீஷியன்; லேபில் எல்லாருக்கும் சேச்சி, அதாவது அக்கா. மூளைக்குக் காவல் காக்கும் மைக்ரோக்ளியா செல்களை வளர்த்துக் கொடுப்பது என் வேலை. பாக்டீரியாவைக் கண்டால் இந்தக் காவல்காரன் உஷாராவான். மேலே இன்னொரு அடி விழுந்தால் வீங்கி வெடித்து, உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டி, அக்கம்பக்கத்தையும் அழற்சியில் இழுத்துவிட்டுச் சாவான். திருடனைப் பிடிக்க வீட்டையே கொளுத்துகிற புத்திசாலி.

அஞ்சு என்ற ஆராய்ச்சி மாணவி இதை இரண்டு தட்டுகளில் சோதித்தாள். ஒன்றில் பாக்டீரியாவின் சுவர்த் துண்டு, அப்புறம் அந்த இரண்டாவது அடிக்கான மருந்து. ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கன்ட்ரோல் தட்டில் மருந்து மட்டும். கன்ட்ரோல் பிழைக்க வேண்டும். மூன்று முறையும் இரண்டு தட்டிலும் செல்கள் வெடித்தன.

எங்கள் தலைமை விஞ்ஞானி பாலக்காட்டுத் தமிழர். திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் அஞ்சுவைப் பிடித்துக்கொண்டார்.

"கை சுத்தமில்லேன்னா இந்த வேலைக்கே வரப்படாது, அஞ்சு. நம்ம சேச்சியைப் பாரு. பன்னெண்டு வருஷத்துல ஒரு தட்டு கெட்டதில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் ப்ராஜெக்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

"சார், நான் ஒண்ணும் மாத்திச் செய்யல்ல. சத்தியம்."

"செல் உஷாராக பாக்டீரியா உயிரோட இருக்கணும்னே இல்லை. செத்ததோட சுவர்த் துண்டு போதும். அது எங்கேர்ந்து வந்ததுன்னு யோசி."

இதைப் பன்னிரண்டு வருடமாக மீட்டிங்கில் சாயாவும் பிஸ்கட்டுமாகக் கேட்டிருக்கிறேன். அன்றுதான் காதில் விழுந்தது.

ஓணத்துக்கு முன் பிடித்த இருபது லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் பத்து நாள் கேனில் கிடந்தது. கிடக்கும் தண்ணீரில் கிருமி வளரும்; கொட்டிவிட வேண்டும், அதுதான் விதி. நான் கொச்சி மட்டாஞ்சேரிக்காரி. டேங்கர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவள். இருபது லிட்டரை சிங்க்கில் ஊற்ற எனக்குக் கை வருமா? ஆட்டோகிளேவில் ஏற்றி, நீராவியில் கிருமியைக் கொன்று, அதிலேயே செல்களுக்கு உணவான மீடியம் கலக்கினேன். கிருமி செத்தது. அதன் சுவர் ஆட்டோகிளேவுக்கெல்லாம் அசையாது என்பது லேபில் எல்லாருக்கும் தெரியும், என்னையும் சேர்த்து. காவல்காரர்கள் முன்பே உஷாராகிவிட்டார்கள். அஞ்சுவின் மருந்து விழுந்ததும் வெடித்தார்கள்.

புரிந்தது திங்கட்கிழமை. சொன்னது புதன்கிழமை. நடுவில் இரண்டு நாள் அந்தப் பெண் மருந்தை அளந்து விடும் பிப்பெட்டைத் துடைத்துத் துடைத்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கை கழுவும் முறையைப் பற்றி அறிவுரை சொன்னேன். இதை எழுதவே கூசுகிறது.

புதனன்று சாரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, "சேச்சி, நீங்களா?" என்றார். தண்ணீரை டெஸ்டுக்கு அனுப்பினார். அதில் சுவர்த் துண்டுகள் இருந்தன. ப்ராஜெக்ட் அஞ்சுவிடமே இருந்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நல்ல பேர் வாங்கியவரை யாரும் சோதிப்பதில்லை. அவரும் தன்னைச் சோதிப்பதில்லை. தப்பு தெரிந்தால் அந்த நிமிஷமே வாயைத் திறங்கள்.

நடந்ததை அஞ்சுவிடமும் நானே சொன்னேன். அவள் பிப்பெட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "சேச்சி எதாவது கழிச்சோ? முகம் வாடியிருக்கே," என்று, சாப்பிட்டேனா எனத் தன் மலையாளத்தில் கேட்டு, டிபன் டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.