கன்னத்தில் தங்கிய சிவப்பு

கன்னம் சிவந்ததற்கு நெல் அவிக்கும் ஆவிதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். முகம் கழுவிய பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. சில வாரங்களில் மூக்கு வரை சிவந்து, சிறு கொப்புளங்கள் வந்தன. எழுபதுகளின் கடைசி, எனக்கு முப்பத்திரண்டு வயது.

ஊரில் பெருநோய் என்று பேசிக்கொண்டார்கள். யாரும் நேராகச் சொல்லவில்லை. நானாகவே நான்கு வயது மகளுக்குச் சோறு ஊட்டுவதை நிறுத்திவிட்டேன்.

மருந்துக் கடையில் வாங்கிய களிம்பு பத்து நாளில் முகத்தைத் தெளிவாக்கியது. பூசுவதை விட்டதும் முன்னைவிட மோசமாகச் சிவந்தது; மறுபடி பூசினேன்.

கணவர் தரணேந்திரன் திருவண்ணாமலையில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப்போனார். அந்த அம்மா என்னைக் கண்ணை மூடச் சொல்லி, முகத்தில் அங்கங்கே பஞ்சால் தொட்டு, எங்கே தொடுகிறேன் என்று கேட்டார். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன்.

“தொழுநோய் இல்லம்மா. யாருக்கும் ஒட்டாது. கொழந்தைய தாராளமா தூக்குங்க.”

அழுதுவிட்டேன். அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

ரோசேசியா (முகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து சிவப்பு தங்கிவிடும் நோய்) என்றார். களிம்பில் ஸ்டீராய்டு (அழற்சியை வேகமாக அடக்கும் மருந்து) இருந்ததாம், அதுவே வினை. டெட்ராசைக்ளின் (கிருமிக்கான மருந்து; இந்தக் கொப்புளங்களையும் தணிக்கும்) எழுதித் தந்தார்.

நாங்கள் சமணக் குடும்பம். கேப்சூலின் உறை எதில் செய்தது என்று கணவர் கேட்டார். மாட்டின் எலும்பிலும் தோலிலும் எடுப்பது என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். பிரித்துத் தூளை மட்டும் விழுங்கினால் தொண்டை புண்ணாகும். மாத்திரையாகவும் வரும், ஆனால் உள்ளூர்க் கடைகளில் இல்லை.

பரவாயில்லை, கேப்சூலையே முழுங்கிவிடுகிறேன் என்றேன்.

“மனசு கஷ்டப்பட்டு நீ முழுங்க வேணாம். வேலூர் போய்ப் பாத்துட்டு வரேன்” என்றார் கணவர்.

அறுவடை நேரம். மூன்று முறை போய், மூன்றாம் முறை வாங்கி வந்தார். காலையிலும், எங்கள் வழக்கப்படி பொழுது சாயுமுன் சாப்பிடும் சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்பும், வெறும் தண்ணீரில் எடுத்துக்கொண்டேன். களிம்பை விட்ட முதல் மூன்று வாரம் முகம் தீயாய் எரிந்தது. இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த நாட்களில் பழைய களிம்பைத் தேடாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

இரண்டு மாதத்தில் கொப்புளங்கள் அடங்கின. சிவப்பு கம்மியானது, முழுதாகப் போகவில்லை.

மறுவருடம் நாத்தனார் கல்யாணத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் என் முகம் வெளுப்பாக, மாசில்லாமல் இருந்தது. கணவர் வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் கீது. ஆனா உன்ன மாதிரி இல்ல.”

இன்றும் வெயிலில் நின்றால் கன்னம் சூடேறும். ஓடி ஒளிவதில்லை. நிழலில் உட்கார்ந்து, அது இறங்கும் வரை இருக்கிறேன். அரை மணி ஆகும். அந்த அரை மணியும் என் நாளில்தான் சேர்த்தி.