பனைமரத்து ஏரியல்

எதிர்வீட்டு மாடியில் டிவி ஏரியலைத் திருப்பிக்கொண்டே ஒருவர், "தெரியுதா? தெரியுதா?" என்று கத்துகிறார். கீழேயிருந்து, "கோடு கோடா வருது!" என்று பதில். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, எங்கிருந்தோ எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற பச்சை வேர்க்கடலையின் மண்வாசனையும் வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் விழுப்புரத்து ரேடியோ கடையொன்றில் வேலை பார்த்தேன். நான் திண்டிவனத்துக்காரன், நாலு கம்பியை முறுக்கத் தெரிந்ததுமே விஞ்ஞானி என்று நினைப்பு. பக்கத்துக் கெடார் கிராமத்தில் என் வயதுக்காரர் ராஜவேலு, விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டு எங்கள் கடையில் ஒரு பேட்டரி ரேடியோ வாங்கியிருந்தார்; அதை மாட்டிக்கொடுக்க நான் போனேன். சென்னை நிலையம் மாலையில் மல்லாட்டை விலை சொல்லும். அது தெரியாமல் மண்டிக்குப் போனால், "மெட்ராஸ்ல வெல எறங்கிப்போச்சு" என்று வியாபாரி சொல்வதுதான் வேதவாக்கு.

ஆனால் கெடாரில் பெட்டி இரைந்ததே தவிரப் பேசவில்லை. ஏரியல் கம்பியைக் கூரைமேல் கட்டினோம், வெறும் கரகரப்பு. நீளத்தைக் கூட்டினோம், திசையை மாற்றினோம். கடைசியில் இரண்டு பனைகளின் உச்சிக்கு ஏற்றியதும் குரல் தெளிவாக வந்தது. மறுநாளே காற்றில் மரம் ஆடிக் கம்பி அறுந்தது. இன்னும் இறுக்கிக் கட்டினேன். இன்னும் சீக்கிரமாக அறுந்தது. மேதாவி அல்லவா!

அறுவடை வந்தது. விலை கேட்காமல் கிளம்பக்கூடாது என்று, மூட்டை ஏற்றிய வண்டிகளை ராஜவேலு நிறுத்தி வைத்திருந்தார். "இன்னிக்கிப் பொட்டி பேசலன்னா, இனிமே என் பேச்ச எவனும் கேக்கமாட்டான்பா," என்றார். நான் விடுவதாக இல்லை. மரத்தை ஆடாமல் நிறுத்த முடியாது. கம்பிதான் விட்டுக்கொடுக்க வேண்டும். அவர்கள் வீட்டுக் கிணற்றைப் பார்த்தேன். ராட்டினத்தைக் கேட்டேன்.

"தண்ணிக்கு இன்னா பண்றதாம்?" என்றார் அவர் மனைவி செல்லம்மா. கேட்டுக்கொண்டே அவரே கழற்றித் தந்தார்.

ஒரு பனையில் ராட்டினத்தைக் கட்டினோம். கம்பியின் நுனியில் கயிற்றை முடிந்து, அதை ராட்டினத்தின்மேல் ஓட்டி, மறுமுனையில் கல்லைத் தொங்கவிட்டோம். மரம் ஆட ஆடக் கல் ஏறி இறங்கியது, கம்பி அறுந்துபோகவில்லை. பெட்டி விலையைச் சொன்னது. வண்டிகள் கிளம்பின.

மண்டியில் வியாபாரி வழக்கம்போல, "மெட்ராஸ்ல..." என்று இழுக்க ஆரம்பித்தார். செல்லம்மா முந்திக்கொண்டார்: "மெட்ராஸ் வெலைய நாங்க கேட்டுக்கினுதாங்க வர்றோம். நீங்க உங்க வெலையச் சொல்லுங்க."

அந்தப் பருவம் முழுக்க அவர் கையாலேயே கயிற்றை இழுத்துத் தண்ணீர் எடுத்தார். உள்ளங்கை காய்த்துப்போனது. ராட்டினத்தை இறக்கித் தரவா என்றால், "அத்தத் தொட்டுடாதீங்க" என்பார்.

ராஜவேலு இல்லை, செல்லம்மா இல்லை, பனைகளையும் வெட்டிவிட்டார்கள். எதிர்வீட்டில் படம் தெளிந்துவிட்டது போலிருக்கிறது, கைதட்டல் கேட்கிறது. அந்த ஏரியலை நம்பித் தெருவில் ஒரு வண்டியும் காத்து நிற்கவில்லை.